தலைக்குறிப்பு இல்லாத கோப்பு: எந்தக் கருவி என்ன செய்கிறது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டார ஊர்ப் பெரியவர்கள் கிணறு, ஏரி, சந்தை பற்றித் தமிழில் சொல்லும் நினைவுகளை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி, ஒரு தளமாகத் தொகுத்து வருகிறோம். எழுதுபவர்களில் பலரும் கைபேசியில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் வெற்று உரை) கோப்பின் உச்சியில் தலைப்பு, தேதி, ஆசிரியர் என்று எழுதிவைக்க வேண்டிய ஃப்ரண்ட் மேட்டர், அதாவது தலைக்குறிப்பு, அவர்கள் அனுப்புவதில் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர், அதாவது இத்தகைய கோப்புகளைத் தளத்தின் பக்கங்களாக மாற்றித் தரும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, வேகத்தையும் பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்களையும் விட, இந்தக் குறையை அது எப்படிக் கையாள்கிறது என்பதையே முதலில் பார்த்தேன். முதல் வரியில் 'ஊர்க்கிணறு' என்ற தலைப்பும், கோப்பின் பெயரில் 2023-08-14 என்ற தேதியும் உள்ள, தலைக்குறிப்பே இல்லாத ஒரு கோப்பை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

2008-இல் வந்த ஜெகில் என்ற கருவி, சாதாரணக் கோப்புறையில் இருக்கும் அந்தக் கோப்பைப் பக்கமாகவே கருதாது. படத்தையோ பிடிஎஃப்பையோ நகலெடுப்பது போல, ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியீட்டுக் கோப்புறையில் கொண்டுபோய் வைத்துவிடும். பில்ட், அதாவது பக்கங்களை உருவாக்கும் ஓட்டம், எந்த எச்சரிக்கையும் இன்றி முடியும். ஊர்க்கிணறு மட்டும் பட்டியலில் இருக்காது. உச்சியில் மூன்று கோடுகள் கொண்ட இரண்டு வரிகளை வெறுமனே போட்டால் போதும், அதே கோப்பு பக்கமாகிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைக்குறிப்பைக் கட்டாயமில்லாததாக்கும் ஒரு செருகுநிரல் தளங்களை வெளியிட்டுத் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையின் ஜெகில் பில்டில் இயல்பாகவே இயங்குகிறது. வெறும் ஜெகிலை நிறுவிய கணினியில் அது இல்லை. ஆகவே அங்கே பக்கமாகத் தெரியும் ஒரு கோப்பு, சொந்தக் கணினியில் எடுத்த பில்டில் பச்சை மார்க்டவுனாகவே கிடக்கக்கூடும்.

ஹ்யூகோ இதற்கு நேர் எதிர். உள்ளடக்கக் கோப்புறையில் இருக்கும் மார்க்டவுன் கோப்பு எதுவானாலும், தலைக்குறிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பக்கமாகிவிடும். ஆனால் தலைப்பு வெற்றாக இருக்கும். உடலில் உள்ள முதல் வரித் தலைப்பை அது எடுத்துக்கொள்ளாது. பட்டியலில் இணைப்பு உண்டு, அதைத் தொடுவதற்கு ஒரு சொல் இல்லை. தேதியும் வெற்றுதான், வார்ப்புரு அதை அச்சிட்டால் 0001-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று வரும். அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் கோப்பின் பெயரிலிருந்தே தேதியை எடுக்கச் சொல்லலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. ஆண்டு 1 என்று வருவதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பார்த்தவுடன் தவறென்று தெரிகிற தவறு அது. யாரும் அதை நம்பிவிட மாட்டார்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இலெவன்ட்டியின் நடைமுறை. அதற்கும் தலைக்குறிப்பு கட்டாயமில்லை; கோப்புறைக்கு ஒன்றாக ஒரு தரவுக் கோப்பு வைத்து, அதிலுள்ள எல்லாப் பக்கங்களுக்கும் லேஅவுட்டை ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம், அது மிக அழகான ஏற்பாடு. கோப்பின் பெயரில் தேதி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளும். பெயரிலும் தேதி இல்லாவிட்டால்தான் சிக்கல்: கோப்பு உருவான நேரத்தைத் தேதியாக வைத்துக்கொள்கிறது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளிலிருந்து புதிதாக நகலெடுத்து பில்ட் செய்யும் சேவையகத்தில் அந்த நேரம் பெரும்பாலும் இன்றைய நாள்தான். ஒரு பாட்டி பல ஆண்டுகளுக்கு முன் சொன்ன நினைவு, இன்று சொன்னதுபோல நம்பத்தக்க தோற்றத்துடன் வெளியாகும். கிட் வரலாற்றிலிருந்து தேதியை எடுக்கச் சொல்லும் வழி இருக்கிறது. ஆனால் அதுவும் கோப்பு சேர்க்கப்பட்ட நாளே தவிர, நினைவு சொல்லப்பட்ட நாள் அல்ல. ஊர் வரலாற்றுத் தொகுப்பில் தேதி இல்லாததைவிடப் பொய்த் தேதி கெட்டது.

எம்கேடாக்ஸ் தலைப்பை முதல் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதுவும் இல்லையென்றால் கோப்பின் பெயரிலிருந்து. ஆவணத் தளங்களுக்கு இதைவிட இதமான நடத்தை வேறில்லை. தேதிவாரித் தொகுப்பு அதன் முதன்மை நோக்கமல்ல என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. பெலிகன் தலைப்பு கிடைக்காத கட்டுரையைத் தவிர்த்துவிட்டு, பிழையைத் திரையில் எழுதி, மற்றவற்றைத் தொடர்ந்து உருவாக்கும். அந்த வரியைப் படிக்க ஆள் இருக்க வேண்டும்.

ஸோலா அப்படி விடுவதில்லை. மூன்று கூட்டல் குறிகளுக்கு இடையிலான பகுதி இல்லையென்றால், எந்தக் கோப்பு என்று பெயர் சொல்லி பில்டையே நிறுத்திவிடும். ஆனால் அது பார்ப்பது அந்தக் குறிகளாலான வேலியை மட்டும். வேலிக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது வேலிக்குள் இருப்பது: சொன்னவர் பெயர், ஊர், அந்த ஊருக்கு மலையாளத்தில் வேறு பெயர் வழங்கினால் அதுவும். 2023-இல் வந்த அஸ்ட்ரோ 2.0-இன் கன்டென்ட் கலெக்ஷன் இதைத்தான் செய்கிறது. எந்தப் புலம் கட்டாயம் என்று ஒரு வரையறை எழுதிவைத்தால், கோப்பின் பெயரையும் விடுபட்ட புலத்தையும் சொல்லி நின்றுவிடும். இந்த அலசலில் மிக நேர்மையான நடத்தை அதனுடையதே. அஸ்ட்ரோ இயங்கத் தேவையான நோட் (Node.js) சூழலையும் அதன் எண்ணற்ற சார்புப் பொதிகளையும் நூலகத்தின் பழைய மடிக்கணினியில் பராமரிக்க வேண்டும் என்பது மட்டுமே எனக்குத் தடை.

ஆகவே ஒற்றைக் கோப்பாக நிறுவக்கூடிய ஹ்யூகோவுக்கே வந்து சேர்ந்தேன். அதன் வார்ப்புருவில் எர்ரர்எஃப் என்றொரு கட்டளை உண்டு. புலம் வெற்றாக இருந்தால் நாமே எழுதிய செய்தியைக் காட்டி பில்டைத் தோல்வியாக்கும். முதல் குறையோடு நின்றுவிடாமல், குறையுள்ள கோப்புகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தோற்கும். "இந்தக் கோப்பில் சொன்னவர் பெயர் இல்லை, அனுப்பியவரிடம் கேட்கவும்" என்று தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் அழைக்கிறோம்.