மாத்திரை இலவசம், விலை ஐந்நூறு பீடி: எங்கள் தெருமுனை நலவாழ்வு மையம் பற்றி

வேலூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தால் லாட்ஜ், மருந்துக் கடை, சாப்பாட்டுக் கடை என்று எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்து. கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவார்கள். நான் எழுத வந்தது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை. அதற்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் தெருமுனையில் இரண்டு அறையும் ஒரு வராண்டாவுமாக ஒரு நகர்ப்புற நலவாழ்வு மையம் இருக்கிறது. 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 மையம் திறந்தார்களே, அந்த வகை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. பெயரும் வார்டு எண்ணும் எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை செய்கிறவர்கள் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டும்.

எங்கள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எதற்கு எத்தனை மார்க் போடுகிறேன் என்பது புரியாது. பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மீதியில் ஆட்டோ, சித்தாள் வேலை, வீட்டு வேலை, என்னை மாதிரி தையல். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ராத்திரி நனைத்து வைத்த இலை, தகடு வைத்து வெட்ட ஒரு கத்தரிக்கோல். அவருக்கு சுகரும் பிரஷரும் உண்டு. பக்கத்து வீட்டு ஆபாவுக்கும் உண்டு. எதிர் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்ததே இல்லை, அதனால் இல்லை.

இந்தத் தெருவில் எதற்கும் கணக்கு ரூபாயில் வராது, பீடியில்தான் வரும். கை ஓடுகிறவர்கள் விடிந்ததிலிருந்து உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஆயிரம். மணிக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷேர் ஆட்டோ, ஓபி சீட்டு வரிசை, டாக்டர் வரிசை, மாத்திரை வரிசை. காலையில் கிளம்பினால் வீடு திரும்ப மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். டாக்டருக்குக் காசில்லை, மாத்திரைக்குக் காசில்லை. ஆனால் ஐந்நூறு பீடி போச்சு. கூட ஒரு மருமகளோ மகளோ வந்தால் அவளுடைய ஐந்நூறும் போச்சு. அதனால்தான் எங்கள் தெருவில் மாத்திரை தீர்ந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடுவார்கள். அந்த வாரம் மாசமாகும். அப்புறம் ஒரு நாள் காலில் புண் ஆறவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். படிக்காதவர்கள், அறியாமை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் எங்கள் மையம் முழு மார்க் வாங்குகிறது. மாலை 4 முதல் 8. காலை நேரம் எங்களுக்கு உதவாது, சுற்றிய பீடியை ஏஜென்டிடம் கொடுத்து எண்ணிக்கை பார்த்து, கழித்தது போக வரவு வைத்து, மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கி வருகிற நேரம் அது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு போய், அரை மணியிலோ முக்கால் மணியிலோ திரும்பி விடலாம். ஐந்நூறு பீடி விலை ஐம்பது, எழுபத்தைந்துக்கு இறங்கிவிட்டது. கட்டடம், டைல்ஸ், பெயின்ட், வாசலில் உள்ள பெரிய போர்டு, இதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. இந்த மாலை நேரத்தை யார் யோசித்தார்களோ அவர் எங்களை மாதிரி ஒரு வீட்டில் கொஞ்ச நாளாவது இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முழு மார்க் சிஸ்டருக்கு. சுகர் பார்க்க விரலில் குத்துவார்கள் அல்லவா, வழக்கமாக நடு விரல் அல்லது மோதிர விரல். முதல் தடவை அத்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இன்னா சிஸ்டர், இந்த விரல்ல குத்திட்டா பீடி எப்படி உருட்டறது? நாளைக்குப் பூரா சுருக்கு சுருக்குன்னு வலிக்கும்." சிஸ்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தோல் தடித்து மஞ்சள் கறை ஏறி, ரேகையே தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை மிஷினோடு மாதாமாதம் மல்லுக்கட்டுகிற கை. "எந்த விரல்ல வேலை இல்ல?" என்று கேட்டார். அத்தை இடது கை சுண்டு விரலை நீட்டினார். அதிலிருந்து பீடிக்காரர்கள் யார் வந்தாலும் அந்த சிஸ்டர் முதலில் இடது சுண்டு விரலைத்தான் கேட்கிறார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, குறைக்கு வருவோம். 8 மணி வரை என்று போர்டில் இருக்கிறது. ஏழேகாலுக்குப் போனால் டாக்டர் இருப்பார் என்று உத்தரவாதம் இல்லை. சிஸ்டர் இருப்பார், பழைய மாத்திரையையே திரும்பக் கொடுப்பார். மூன்று மாதச் சுகர் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். ரிசல்ட் போனில் வரும் என்றார்கள், வரவில்லை. நேரில் கேட்டால் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இன்சுலின் ஊசி தேவைப்பட்டால் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதாவது திரும்பவும் ஐந்நூறு பீடி. கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி உதவியாளிடம், அவர் எங்கே என்பது கடவுளுக்கு வெளிச்சம். சுகர்காரர்களுக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும் என்பது இவர்களுக்குத் தெரியாததா?

இன்னொன்று. பிரஷர் பார்க்கிற மேஜை வரிசைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. டாக்டர் கேட்பதும் நாம் சொல்வதும் வராண்டா முழுக்கக் கேட்கும். மாதவிடாய்ப் பிரச்சினையை அங்கே யார் வாய் விட்டுச் சொல்வார்கள்? ஒரு துணித் திரை போட எத்தனை ரூபாய் ஆகும்? அளவு சொன்னால் நானே தைத்துக் கொடுத்துவிடுவேன்.

டாக்டர் மேடம் நல்லவர், அவசரப்படாமல் பேசுவார். அவர் கொடுக்கிற அச்சடித்த தாளில்தான் எனக்குச் சண்டை. தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், பழம், காய்கறி, கீரை சாப்பிட வேண்டும், அரிசியைக் குறைக்க வேண்டும். எங்கள் சந்தில் எதிரே ஒரு டூவீலர் வந்தால் நாம் யாராவது ஒருவர் வீட்டு வாசற்படியில் ஏற வேண்டும். ஒரு பக்கம் திறந்த சாக்கடை. இதில் எங்கே நடப்பது? 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. அது வந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் பட்டினியாகப் படுத்ததில்லை, அதை மறக்க மாட்டேன். ஆனால் மூன்று வேளையும் அதே அரிசிதான், காய் என்பது குழம்பில் மிதக்கிற ரெண்டு துண்டு. அத்தை கேட்டார், "களி சாப்பிடலாமா மேடம்?" தாராளமாக என்றார் மேடம். வட ஆற்காட்டுக் களி உருண்டை எந்த சைஸ் என்று அவர் கேட்கவில்லை. கேழ்வரகானாலும் அந்த உருண்டையை முழுசாக முழுங்கினால் சுகர் ஏறத்தான் செய்யும். உருண்டையைப் பாதியாக்கி, கூட கீரைக் கடைசல் வை என்று எனக்குச் சொன்னது சிஸ்டர்.

மாத்திரை வீட்டுக்கே வருகிற மக்களைத் தேடி மருத்துவமும் எங்கள் தெருவில் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வருகிற பெண் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், எங்களுக்குத் தெரிந்த முகம். மாத்திரையை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார். பீடிக் கணக்கில் செலவு சைபர். அத்தை எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. ஒருவேளை அதுவே கூடாதோ என்றும் தோன்றும். நாளெல்லாம் சம்மணம் போட்டே இருக்கிறவருக்கு இடுப்பும் முட்டியும் பிடித்துப் போய்விட்டது, தூளின் நெடியில் விடியற்காலை இருமல் வேறு.

இருமல் என்றதும் ஒரு நல்ல விஷயம். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று யார் சொன்னாலும் மையத்தில் சளி டப்பாவைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பீடி சுற்றுகிறவர்களுக்கு எல்லா இருமலும் தூள் இருமல்தான் என்று நினைப்பு, அதற்குள் டிபி ஒளிந்திருந்தால் தெரியாது. எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆறு மாசம் மாத்திரை, சாப்பாட்டுக்காகப் பேங்க் கணக்கில் மாதம் 1000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. டப்பாவைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, வரிசையில் நிற்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வரச் சொன்னார்கள். வராண்டாவில் இல்லாத மறைவு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் வேலூர்ச் சேரிகளுக்கு ஒரு சரித்திரமே உண்டு. சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பக்கம் பிறந்த குழந்தைகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து சிஎம்சி ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாக வந்து மூன்று வயது வரை பார்த்தார்கள். ரோட்டா என்கிற கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆய்வு. மெக்சிகோவில் ஒரு குழந்தைக்கு ரெண்டு தடவை அந்தக் கிருமி தொற்றினால் அப்புறம் கடுமையான பேதி வருவதில்லை என்று கண்டிருந்தார்கள். நம் குழந்தைகளுக்கு மூன்று தடவை தொற்றிய பிறகும் பாதுகாப்பு நூற்றுக்கு எண்பதைத் தொடவில்லை. அவ்வளவு கிருமி, அவ்வளவு சீக்கிரம், திரும்பத் திரும்ப. அந்தக் கிருமியைத் தடுக்கிற ரோட்டாவாக் சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வேலூரும் ஒன்று. 2017 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் 6, 10, 14-வது வாரத்தில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். மையத்தில் தடுப்பூசி நாளன்று அந்தச் சொட்டைக் கேட்டு வாங்குகிற அம்மாக்களில் சிலர், அந்த ஆய்வில் இருந்த வீட்டுப் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

பேதிக்கு மையத்தில் ஓஆர்எஸ் பாக்கெட்டும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். பேதி நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஓஆர்எஸ்ஸை எந்தத் தண்ணீரில் கலப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. தண்ணி இல்லாத ஆறு என்று பழமொழியே உள்ள ஊர் இது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் தினம் விடுவதில்லை, விடுகிற நாளில் டிரம், குடம், பக்கெட், பிரியாணி அண்டா வரை நிரப்பி வைக்கிறோம். அந்த டிரம்மில்தான் டெங்குக் கொசு முட்டை போடும். மூடி வை என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் முட்டை டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை அவர் போன வருஷ மழையில் ஒரு வீட்டு டிரம்மைக் கவிழ்த்துச் செய்து காட்டினார். அன்றைக்குக் கூடியிருந்தவர்களில் பாதிப் பேராவது இப்போது தேய்க்கிறோம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததைவிட அது வேலை செய்தது.

இவ்வளவு இருந்தும் எங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் முதலில் ஓடுவது ஊசி போடுகிற டாக்டரிடம்தான். உட்கார்ந்ததும் ஊசி, ஒரு பொட்டலத்தில் கலர் கலராக நாலு மாத்திரை, ராத்திரியே காய்ச்சல் இறங்கும். காசு போனாலும் மறுநாள் வேலைக்கு உட்காரலாம் என்பது அவர்கள் கணக்கு. மையத்தில் பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்க்கச் சொல்வார்கள். வைத்தியமாக அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். மூன்று நாள் என்பது மூவாயிரம் பீடி என்பது மேடத்துக்குத் தெரியாது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. கழிப்பறைச் சாவியும் துணித் திரையும் வந்தால் நான்கு. இன்சுலினும் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டும் ஒழுங்காக வந்தால் நாலரை.

போகிறவர்களுக்கு: ஐந்தரைக்கு முன்னால் போய்விடுங்கள், டாக்டர் நிச்சயம் இருப்பார். ஆதாரும் பழைய நோட்டும் எடுத்துப் போங்கள், நோட்டு இல்லாவிட்டால் புதுப் பதிவு போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். கர்ப்பிணிகள் பிக்மி எண்ணை, அதாவது அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்கிற எண்ணை, இங்கேயே போட்டுக்கொள்ளலாம், அது இல்லாமல் பிரசவ உதவித்தொகையும் வராது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கும். வெறும் வயிற்றுச் சுகர் பார்ப்பதென்றால் காலை எட்டுக்கே போங்கள். அன்றைய பீடியை யாரிடமாவது கொடுத்து ஏஜென்டிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். விரலை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சிஸ்டர் லீவில் இருந்தால் வருகிற மாற்று ஆளுக்கு இது தெரியாது.