மலமாற்றா, மாத்திரையா, உணவா? ஐபிஎஸ் நோய்க்கு மூன்று வழிகள்

வயிற்றுவலியோடு பேதியோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் குடல் நோய் எனப்படும் ஐபிஎஸ்ஸுக்குக் குடல் பாக்டீரியாவின் வழியாகத் தீர்வு தேடிய முயற்சிகளில், நலமான ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாவை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மலமாற்றுச் சிகிச்சை அளவுக்கு நம்பிக்கையையும் குழப்பத்தையும் ஒருசேரத் தந்தது வேறில்லை. 2020இல் வெளியான நார்வே ஆய்வில், 165 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கவனமாகத் தேர்ந்தெடுத்த ஒரே கொடையாளரின் மலமும், மற்றவர்களுக்கு அவரவர் மலமுமே உள்நோக்கிக் குழாய் மூலம் சிறுகுடலில் செலுத்தப்பட்டன. மூன்று மாதத்தில், கொடையாளர் மலம் 60 கிராம் பெற்றவர்களில் 89.1 சதவீதத்தினருக்குத் தொல்லை தணிந்தது. தம் மலத்தையே பெற்றவர்களில் 23.6 சதவீதத்தினருக்கு மட்டுமே தணிந்தது.

ஆனால் 2018இல் டென்மார்க்கில் 52 பேருக்கு 12 நாள் கேப்சூல் கொடுத்துப் பார்த்தபோது, கொடையாளர் பாக்டீரியா பெற்றவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகியும், வெற்றுக் கேப்சூல் விழுங்கியவர்களே கூடுதல் நிவாரணம் கண்டனர். கொடையாளர், அளவு, செலுத்திய வழி என எல்லாமே வேறுபட்டதால், எது காரணம் என்று இவ்விரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாக்டீரியா மாறினாலே வலி குறைந்துவிடும் என்று கொள்ளக்கூடாது என்பது மட்டும் தெளிவு.

குடல் பாக்டீரியாவைக் குறிவைக்கும் ஆன்டிபயாடிக்கான ரிஃபாக்சிமின் மாத்திரையின் பலன் சிறியது, ஆனால் நம்பகமானது. மலச்சிக்கல் இல்லாத வகை ஐபிஎஸ் நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வுகளில், இரண்டு வாரம் மருந்து எடுத்தவர்களில் 40.7 சதவீதமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31.7 சதவீதமும் நிவாரணம் பெற்றனர். அதாவது பதினோரு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பயன்பெறுவார். தொல்லை பலருக்குத் திரும்பவும் வருகிறது. உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக்குகளை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்க அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் முன்வரவில்லை.

நான் முதலில் வைப்பது மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறை ஃபாட்மேப் உணவுமுறையை. ஃபாட்மேப் என்பது, சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் பாக்டீரியாவால் நொதிக்கும் சிலவகைச் சர்க்கரைகள்; அவை மிகுந்த உணவுகளை இம்முறை சில வாரம் விலக்குகிறது. அங்கே 2014இல் 30 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான உணவின்போது நூற்றுக்கு 44.9 ஆக இருந்த தொல்லை மதிப்பெண், இந்த உணவில் 22.8 ஆகக் குறைந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு: நல்லவை எனப்படும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் இதில் குறைகின்றன. எனவே நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பின், உணவியல் நிபுணரின் துணையோடு ஒவ்வோர் உணவாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் சமையலில் வெங்காயம், பூண்டு, பருப்பு ஆகிய மூன்றும் இந்த விலக்குப் பட்டியலில் அகப்படுகின்றன. ஆயினும் பூண்டிலுள்ள ஃபாட்மேப் வகையான ஃப்ரக்டான் நீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது என்பதால், முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால், தொல்லையின்றி மணம் கிடைக்கும்.