கப்பல் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும் 5ஜி: சிபிஆர்எஸ் சேவை பற்றி ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

அமெரிக்காவின் தென்கலிபோர்னியக் கடற்கரையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்பதனக் கிடங்கின் தனியார் 5ஜி வலையமைப்பைக் கடந்த பதினான்கு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். சரக்குப் பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் கைக்கருவிகளும், ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் பொருத்திய டேப்லெட்டுகளும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இந்த வலையமைப்பு இயங்குவது சிபிஆர்எஸ் எனப்படும் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையில். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் ராடார்களும் அங்கேயே இயங்குகின்றன. பாதுகாப்புத் துறையும் தொழில்துறையும் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு அன்றாடத்தில் எப்படி இருக்கிறது என்பதை, மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறவனாக எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டில் இந்த அலைக்கற்றையை வணிகப் பயன்பாட்டுக்குத் திறக்கலாம் என்ற யோசனை வந்தபோது, ராடார்களைக் காப்பதற்காகக் கடற்கரையோரம் முழுவதும் வகுக்கப்பட்ட தடைப்பகுதிகளுக்குள் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அடங்கிவிட்டது. பெருநகரங்கள் பலவும் கடலோரத்தில் இருக்கும் நாட்டில், அப்படிப்பட்ட அலைக்கற்றையை எந்த நிறுவனமும் சீந்தியிருக்காது. கப்பல் எப்போதும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை என்ற எளிய உண்மைதான் வழியைத் திறந்தது. 2015இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி ஆணையம் பகிர்வு விதிகளை வெளியிட்டது. கடற்படையின் தேவைகளை அறிந்தவர்களும் கருவி தயாரிப்பாளர்களும் மென்பொருள் நிறுவனங்களும் பல ஆண்டுகள் கூடிப் பேசித் தொழில்நுட்ப நெறிகளை வகுத்தார்கள். 2020 ஜனவரியில் காம்ஸ்கோப், ஃபெடரேட்டட் வயர்லெஸ், கூகுள், சோனி ஆகிய நான்கு நிறுவனங்களின் நிர்வாக மென்பொருளுக்கு முழு வணிக அனுமதி கிடைத்தது. யார் எந்த அலைவரிசையில் ஒலிபரப்பலாம் என்று ஒதுக்கித் தரும் இந்த மென்பொருளை எங்கள் வட்டாரத்தில் 'சாஸ்' என்றே சொல்கிறோம்.

ஏற்பாட்டை ஒரு வீடாக எண்ணிப் பார்க்கலாம். கடற்படை வீட்டுக்காரர். 2020 ஏலத்தில் உரிமம் எடுத்தவர்கள் வாடகைக் குடித்தனம். உரிமம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் திண்ணையில் துண்டை விரித்தவர்கள். குடித்தனக்காரர் வந்தாலும் நாங்கள் எழுந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் வந்தால் குடித்தனக்காரரும் எழுந்துவிட வேண்டும்.

எழுந்திருப்பது எப்படி என்பதில்தான் இந்தச் சேவையின் நேர்த்தி தெரிகிறது. கடலோரத்தில் நிறுவப்பட்ட உணரிகள் ராடார் அலையைக் கண்டறிந்து சாஸுக்குத் தெரிவித்தால், சாஸ் 300 விநாடிகளுக்குள் அந்தப் பகுதியின் ஒலிபரப்பை நிறுத்தியோ வேறு அலைவரிசைக்கு மாற்றியோ முடித்திருக்க வேண்டும். ஆணை கிடைத்த 60 விநாடிகளுக்குள் எங்கள் கருவி ஓய்ந்துவிட வேண்டும். கப்பல் எங்கே இருக்கிறது என்று எவரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு புள்ளியை மட்டும் அணைக்காமல் பரந்த கடற்பகுதி ஒன்றுக்குரிய பாதுகாப்பை மொத்தமாக இயக்குகிறார்கள்; உணரிகள் கப்பலின் இருப்பிடத்தையோ போக்குவரத்தையோ பதிந்து வைக்கவும் கூடாது. ராணுவ ரகசியத்தையும் வணிக வசதியையும் ஒரே விதித்தொகுப்பில் இவ்வளவு தெளிவாகப் பிரித்து எழுதிய வேறொரு ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

எங்களுக்கு அது முதன்முறை நேர்ந்தது ஒரு பிற்பகலில், உறைந்த மீன் ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்ற நேரத்தில். கைக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பை இழந்தன. பதிவேட்டைத் திறந்தால் 501 என்ற ஒரே ஓர் எண். அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்பதுதான் அதன் பொருள். சாஸ் வேறு அலைவரிசை ஒதுக்கி, கருவிகள் மீண்டும் இணைவதற்குள் ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆகிவிட்டன. கப்பல் உண்மையிலேயே வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. ஏனென்றால் உணரிக்கும் சாஸுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தாலும், கப்பல் வந்துவிட்டதாகவே கருதி விலகச் செய்யும்படிதான் விதி எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு நோக்கில் அது சரியே. ஆனால் எங்கள் சேவை நிறுவனம் மறுநாள் அனுப்பிய மின்னஞ்சலிலும் அந்த எண்ணுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லாதது சரியில்லை. ரகசியம் கப்பலுக்குத்தான்; வாடிக்கையாளர் அடுத்து என்ன செய்யலாம் என்பதில் ஒரு ரகசியமும் இல்லை.

இதைவிட அதிக நேரத்தைத் தின்றது பதிவு செய்யும் வேலை. வெளிப்புற ஆன்டெனாக்களைச் சான்று பெற்ற நிறுவுநரே பதிய வேண்டும். இடக்குறிப்பு பக்கவாட்டில் 50 மீட்டருக்குள்ளும் உயரத்தில் 3 மீட்டருக்குள்ளும் துல்லியமாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தவர் தரையிலிருந்து 9 மீட்டர் என்பதைச் சரியாக அளந்தார். ஆனால் படிவத்தில் கடல்மட்டத்திலிருந்து என்ற கட்டத்தைத் தேர்ந்துவிட்டார். கிடங்கு நிற்கும் நிலமே கடல்மட்டத்துக்கு மேல் 20 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருப்பதால், சாஸின் கணக்கில் எங்கள் ஆன்டெனாக்கள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாட்கள் ஆயின. திருத்திய பிறகும் உடனே ஒலிபரப்ப முடியவில்லை, ஏனெனில் எல்லா சாஸ்களும் ஒவ்வோர் இரவும் தங்களுக்குள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்ட பின்னரே புதிய அனுமதி நடைமுறைக்கு வரும்.

கடற்படைக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்பவர்களுக்கு 2020 அக்டோபரில் பாதுகாப்புத் துறை அறிவித்த 60 கோடி டாலர் 5ஜி சோதனைத் திட்டத்தைச் சுட்டிக்காட்டுவேன். ஐந்து ராணுவத் தளங்களில் நடந்த அந்தத் திட்டத்தில் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் உள்ள மரைன் படைத் தளவாடத் தளமும், சான்டியாகோ கடற்படைத் தளமும் இதே கிடங்கு வேலையைத்தான் எடுத்துக்கொண்டன: வாகனங்களும் உதிரிப் பாகங்களும் எங்கே இருக்கின்றன, எது கப்பலுக்குப் போகிறது என்பதை 5ஜி வழியாகக் கண்காணிப்பது. ஆல்பனியின் வலையமைப்பு மில்லிமீட்டர் அலைகள் எனப்படும் மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளோடு சிபிஆர்எஸ் அலைக்கற்றையையும் பயன்படுத்தியது. தன் ராடாருக்கு இடையூறு என்று ஒருகாலத்தில் அஞ்சிய அலைக்கற்றையில் பாதுகாப்புத் துறை தானே வாடிக்கையாளராக வந்து நின்றது எனக்குப் பெரிய நற்சான்று. ராணுவத்துக்கென்று தனியே வடித்த கருவி விலையேறும். கடையில் கிடைக்கும் கருவியோடு பொருந்தும் வலையமைப்பு அப்படி ஏறாது.

குறைகளும் உண்டு. உணரிகளுக்கு அருகே ஒலிபரப்பை அடக்கி வாசிக்க வேண்டிய வட்டங்கள் இருக்கின்றன. எங்கள் கிடங்கின் மேற்குச் சுவரில் உள்ள ஆன்டெனாவுக்குக் கேட்ட திறன் ஒருநாளும் கிடைத்ததில்லை. 2024இல் பாதுகாப்புக் கணக்குகள் திருத்தப்பட்டு, ஏறத்தாழ 24 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் இடையூறின்றி இயங்கலாம் என்று அறிவிக்கப்பட்டதால் கடற்கரையிலிருந்து தள்ளி உள்நிலப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு நிலைமை மிகவும் எளிதாகிவிட்டது. மற்றொரு கவலை சட்டத்தால் வந்தது: 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அலைக்கற்றை ஏலங்களுக்கு மீண்டும் வழிவிட்டபோது, பாதுகாப்புத் துறையின் 3100 முதல் 3450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு ஏலத்திலிருந்து விலக்கு எழுதியது, சிபிஆர்எஸ்ஸுக்கு எழுதவில்லை.

கடலோரத்தில் நிறுவப்போகிறவர்கள், முதல் நாளிலேயே 3650 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைக் கேளுங்கள். கப்பல் ராடாருக்கான விலகல் அதற்குக் கீழேதான் நிகழ்கிறது. சில இடங்களில் மட்டும் தரைத்தள ராடார்களுக்கான பாதுகாப்பு அங்கும் உண்டு. மேற்பகுதியில் நெரிசல் கூடுதல் என்றாலும், லாரி வரிசையின் நடுவே 501 பார்ப்பதைவிட நெரிசல் மேல். ஒரு நொடி அறுந்தாலும் ஆபத்து என்னும் இயந்திரங்களை இதில் இணைக்கக் கூடாது. நாங்கள் இரண்டாம் ஆண்டுக்கும் இதே அலைக்கற்றையில்தான் தொடர்கிறோம். சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிவிட்டோம். புதிய நிறுவனத்தின் படிவத்தில் உயரத்துக்கான கட்டத்தை நானே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.