ஹெர்பிஸ் பயம்: ரத்தப் பரிசோதனையா, புண் பரிசோதனையா?

ஹெர்பிஸ் (உடலுறவிலும் பரவும், கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் தொற்று) வந்துவிட்டதோ என்ற பயத்தில், உடலுறவுக்கு மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அந்தப் பரிசோதனை முடிவு பழைய தொற்றின் கதையைத்தான் சொல்லும். புதுத் தொற்றுக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) ரத்தத்தில் தென்பட 12 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். சிறு வயதில் உதட்டோரம் வந்த கொப்புளம்கூட 'முதல் வகை (எச்எஸ்வி-1) பாசிட்டிவ்' என்று காட்டும். தொற்று உடலில் எங்கே என்று சொல்லாது. ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் சோதனைக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம்.

புண் பரிசோதனை வேறு. அறிகுறி வந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் எரிச்சலோடு நீர் கோத்த சிறு கொப்புளங்கள் தெரியும். உடைந்த கொப்புளத்தின் ஈரம் காயுமுன் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துப் பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) செய்தால் வைரஸின் வகையும் தெரிந்துவிடும். பொருக்குத் தட்டிவிட்டால் தவறிப்போகலாம். பலருக்குப் புண்ணே வராது. அவர்கள்தான் 12 வாரம் பொறுத்து, மருத்துவரிடம் பேசி, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.