ஹாமர்ஃபெஸ்டில் குடியேறி ஒரு வருஷம்: வீடு, பள்ளி, டாக்டர்

நார்வேயின் வட கோடியான ஃபின்மார்க் மாகாணத்தில் இருக்கும் ஹாமர்ஃபெஸ்ட் ஊரில் வேலை கிடைத்து வந்தோம். வாடகை வீடு தேடுவதுதான் படுத்தி எடுத்தது. ஃபின் (finn.no) என்ற விளம்பர இணையதளத்தில் விளம்பரம் வந்த அன்றே ஆள் பிடித்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் முன்பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொன்னார், கொடுக்காதீர்கள். சட்டப்படி அது வாடகைக்காரர் பெயரில் திறக்கும் தனி வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும், அதிகபட்சம் 6 மாத வாடகை.

பள்ளிக்கு முழு மதிப்பெண். கட்டணம் இல்லை, ஆறு வயதில் சேர்க்கை, பனி கொட்டினாலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடுகிறார்கள் (எனக்குத்தான் பதற்றம், மகளுக்கு இல்லை). சின்னவனுக்கு பார்னஹாகே, அதாவது மழலையர் காப்பகம், 2023 ஆகஸ்ட் முதல் ஃபின்மார்க்கில் இலவசம். தெற்கே இருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள்.

மருத்துவம்? ஊரிலேயே மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் துரோம்சோ நகரத்துக்கு விமானம்தான். குடும்ப டாக்டர், இங்கே ஃபாஸ்ட்லேகே, பிடிக்காவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டாக்டர் கட்டணமே கிடையாது.

அப்புறம், நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும், நல்ல விளக்காக நாலு வாங்கி வையுங்கள்.