பள்ளி சைக்கிளுக்கு சிலிக்கோன் பின்விளக்கு: வாங்கலாமா?

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைகளின் சைக்கிளுக்குத் தாராளமாக வாங்கலாம். ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினால் போதும், ஸ்பேனர் தேவையில்லை. பெரும்பாலும் உள்ளே இரண்டு சிஆர் 2032 பட்டன் செல்கள் இருக்கும்.

சீட்டுக்கு அடியில் மட்டும் மாட்டாதீர்கள். கேரியரில் புத்தகப் பையை வைத்ததும் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு விளக்கே தெரியாது. கேரியரின் கடைசிக் கம்பியில், லென்ஸ் நேராகப் பின்னோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்.

பெரிய குறை மழைதான். மூடி இடுக்கில் நீர் இறங்கினால் உள்தகடு பச்சை பூத்து விளக்கு எரியாது. நனைந்த அன்றே கழற்றித் துடைத்து உலர்த்துங்கள்.

செல் தீர்ந்த அன்றும் பிள்ளை கண்ணில் பட வேண்டுமே! பின் மட்கார்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். கழற்றிய செல்லைக் கைக்குழந்தைக்கு எட்டும்படி போடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.