வாட்ஸ்அப்பா, கூகுள் கிளாஸ்ரூமா: அரசுப் பள்ளி வீட்டுப்பாடத்துக்கு எது கைகொடுக்கும்?

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் கேட்டால், வாட்ஸ்அப் என்றுதான் சொல்வேன். வீட்டுப்பாடம் கொடுத்து வாங்குவதற்கென்றே கூகுள் தரும் செயலியான கிளாஸ்ரூமில் குறை சொல்ல அதிகம் இல்லை. கெடு தேதி, யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல், மதிப்பெண்ணை கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் இறக்கும் வசதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இவை எதுவும் கிடையாது. இரண்டுமே இலவசம், இரண்டுமே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓடும். ஆனால் வீட்டில் இருக்கும் போன் யாருடையது, அதில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது என்று பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

பல வீடுகளில் பிள்ளைகள் கைக்கு வருவது அப்பா அல்லது அம்மாவின் போன். அது வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். அதில் இருக்கும் ஜிமெயில், போன் வாங்கிய அன்று கடைக்காரர் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் தரும் கிளாஸ்ரூம் வகுப்புக் குறியீட்டைப் போட்டதும் மாணவர் அந்தக் கணக்கிலேயே வகுப்பில் சேர்ந்துவிடுவார், பட்டியலில் அப்பா பெயர் நிற்கும். அக்காவும் தம்பியும் அதே போனில் படித்தால் இரண்டு வகுப்பும் ஒரே கணக்கில் ஏறும், தம்பியின் கணக்குப் பாடம் அக்காவின் அறிவியலில் போய் விழும்.

ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுக்கலாமே என்றால், 13 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் மேற்பார்வையில்தான் கூகுள் கணக்கு தரும். நிரம்பியவர்களுக்கும் பராமரிப்பு தீராது. கடவுச்சொல் மறந்தால் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். வேறு வழியில்லாமல் புதுக் கணக்கு திறந்து மறுபடி சேர்வார்கள். ஒரே மாணவர் பட்டியலில் இரண்டு பெயராக நிற்பார், மதிப்பெண்ணும் இரண்டாகப் பிரியும். இதைச் சரிசெய்யும் நேரத்தில் ஒரு பாடத்தையே திருத்திவிடலாம்.

கணக்கு சரியாக அமைந்த பிறகும் கிளாஸ்ரூம் இரண்டு இடத்தில் தடுக்கும். எதையும் இணைக்காமல் ‘மார்க் ஆஸ் டன்’ (முடித்துவிட்டேன்) அழுத்தினாலே ஒப்படைத்ததாகக் காட்டும். மாறாக, படத்தை ஏற்றிவிட்டு ‘டர்ன் இன்’ (ஒப்படை) அழுத்தாமல் விட்டவர், வேலையை முடித்திருந்தும் கெடு தாண்டியதும் ‘மிஸ்ஸிங்’ (வரவில்லை) ஆகிவிடுவார்.

வாட்ஸ்அப்பில் இந்தத் தலைவலி இல்லை. அப்பா போனில் அது ஏற்கெனவே இருக்கிறது. குரல் பதிவு அனுப்பவும் படம் அனுப்பவும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் குழுவைத் திறந்து ‘எல்லாரும் இங்கே அனுப்புங்கள்’ என்றால் முதல் படம் வந்த பத்தாவது நிமிடம் மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு எண் குழுவில் எல்லார் கண்ணிலும் படும். அதனால் அறிவிப்புக்கு ஒரு வழி, விடைக்கு ஒரு வழி என்று பிரித்துவிட வேண்டும்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ (பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) தொடங்கி, பெற்றோரை அதன் அறிவிப்புக் குழுவில் மட்டும் சேருங்கள். புது அறிவிப்பை அட்மின் மட்டுமே போட முடியும், உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் இதற்கு உதவாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும், பாதிப் பெற்றோர் சேமித்திருக்க மாட்டார்கள்.

விடைகள் தனிச்செய்தியாக உங்களுக்கு வர வேண்டும். பெற்றோர் எண்களை 9B-01, 9B-02 என்று வகுப்பும் வரிசை எண்ணுமாகச் சேமியுங்கள். ஒன்பதுக்குள் வரும் எண்களுக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம். இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10, 11 என்று வரிசை குலையும். இப்படிச் சேமித்தால் தொடர்புப் பட்டியலே வருகைப் பதிவேடு போல நிற்கும். படத்தோடு ‘9B 23 இயல் 3’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் தேடலில் எழுத்தை வைத்துத்தான் எளிதாகத் தேட முடியும், வெறும் படத்தைச் சில மாதம் கழித்துத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பென்சிலில் எழுதியது படம் சுருங்கும்போது மங்கிவிடும், பேனாவில் எழுத வேண்டும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் கை நிழல் விழும். காலையில் வாசற்படி வெளிச்சத்தில், நோட்டைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுத்தால் தெளிவாக வரும். கெடுவையும் காலை எட்டு மணிக்கு வைப்பதே நியாயம். மாலை ஆறு மணி என்றால், போன் வீட்டுக்கு வரும் முன்பே கெடு முடிந்திருக்கும்.

வகுப்பறையை உண்மையில் மாற்றுவது குரல் பதிவு. தமிழோ ஆங்கிலமோ, பாடநூலில் ஒரு பத்தியை ஒரு நிமிடத்துக்குள் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேரையும் ஒரே நாளில் கேட்டால் அலுத்துவிடும். நாளுக்குப் பத்துப் பேர், 1.5 மடங்கு வேகம் என்றால் ஏழு நிமிடத்தில் முடியும். கேட்கும்போதே ஒரு தாளில் குறியுங்கள்: ழகரம் ளகரமாகும் இடம், ஒற்று விழுங்கும் இடம், ஆங்கிலத்தில் இறந்தகால விகுதியைத் தனி அசையாக இழுக்கும் இடம். மூன்று பேருக்கு மேல் தவறிய இடம் மறுநாள் முதல் பத்து நிமிடப் பாடம். வகுப்பில் எழுந்து நிற்கவே கூசும் பிள்ளை வீட்டில் நான்கு தடவை பதிந்து அழித்து, ஐந்தாவதை அனுப்பும். அந்தப் பயிற்சி தனி லாபம். பதில் சொல்ல, அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்து இருபது விநாடி பேசி அனுப்பினால் எதற்கான பதில் என்ற குழப்பம் வராது.

ஒரு மதிப்பெண் வினாக்கள் கொண்ட தேர்வுக்கு மட்டும் வாட்ஸ்அப் போதாது. அதற்கு கூகுள் ஃபார்ம்ஸில் (இணையக் கேள்வித்தாள்) ‘குவிஸ்’ ஆக, சரியான விடைகளையும் குறித்து அமைத்து, இணைப்பை அறிவிப்புக் குழுவில் போட்டால் தானே திருத்திக்கொள்ளும். ‘ஒரே பதில் மட்டும்’ என்ற தேர்வையும் கோப்பு ஏற்றும் கேள்வியையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டுமே கூகுள் உள்நுழைவு கேட்கும், மறுபடி அதே கடவுச்சொல் தொல்லை. முதல் கேள்வியாக வரிசை எண்ணைக் கீழ்விரியும் பட்டியலில் கொடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்யவிட்டால் ஒரே பெயர் மூன்று விதமாக வரும்.

விடைப் படங்கள் உங்கள் போன் கேலரியில் கலக்காமலிருக்க ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்து, தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் விடுங்கள். போன் நிரம்பாமலிருக்க, பருவம் முடிந்ததும் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பகுதியில் அழிக்கலாம். உங்கள் எண் எல்லார் வீட்டிலும் இருப்பதால் இரவு பத்து மணிக்கும் அழைப்பு வரும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது, வாட்ஸ்அப் பிசினஸில் தனி எண் வைத்தால் ஓரளவு குறையும்.

பள்ளியே ஒவ்வொரு மாணவருக்கும் மின்னஞ்சல் கொடுத்து, கடவுச்சொல்லை மீட்டுத் தர ஓர் ஆளும் வைத்திருந்தால் கிளாஸ்ரூம் பக்கம் தராசு சாயும். சொந்த போன் வைத்திருக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் அப்படியே இருக்கலாம். அந்த வகுப்புகளைப் பற்றி அவற்றை எடுப்பவர்களே உறுதியாகச் சொல்ல முடியும்.

ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டு நோட்டாகவே வரட்டும். வாசிப்பை மட்டும் மதிய இடைவேளையில் உங்கள் போனின் ரெக்கார்டரில் பதிந்து, 9B-31 என்று அவர்கள் வரிசை எண்ணிலேயே சேமித்து, மற்ற பத்துப் பேர் பதிவோடு சேர்த்துக் கேளுங்கள்.